புள்ளி வைத்ததும் கைப்பேசியைக் கீழே வையுங்கள்

ஏஆர், அதாவது கேமரா காட்டும் இடத்தின் மேல் உருவங்களைப் பொருத்திக் காட்டும் மிகைமெய், கொண்டு கோலம் சொல்லித்தரலாம் என்று நினைக்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது ஒரே காட்சிதான். கைப்பேசியைத் தரைக்கு நேராகப் பிடித்தால் திரையில் புள்ளிகள் முளைக்கும், கோடு தானாக ஓடும், அதைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் மாவை இழுப்பார்கள். சமூக மன்றத்துக்கு அனுப்பும் திட்டத்தாளில் இது பிரமாதமாக இருக்கும். தரையில் நடக்காது. ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் மாவு. குனிந்தவுடன் தலையின் நிழல் விழுந்து கேமராவுக்குத் தரை இருட்டிவிடும். கோல மாவு இறங்குவது கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில். கண் அந்த இடத்தில் இருந்தால்தான் இழை சீராக வரும். கண்ணைத் திரைக்குக் கொடுத்துவிட்டால் இழை தடித்தும் மெலிந்தும் போய், கடைசியில் திட்டுத் திட்டாக நிற்கும்.

ஆகவே ஏஆருக்குக் கொடுக்க வேண்டிய வேலை மூன்றுதான். இந்தத் தரையில் இந்தக் கோலம் உண்மையான அளவில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று காட்டுவது. மூலைப் புள்ளிகள் எங்கே விழும் என்று காட்டுவது. இழை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் வளைகிறது என்று ஒருமுறை ஓட்டிக் காட்டுவது. அதற்குப் பிறகு கைப்பேசி பைக்குள் போக வேண்டும். வழி மறந்தால் வெளியே எடுத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அளவுகளைச் சொல்லிவிடுவோம். புதிதாகக் கற்பவர்களுக்கு 7 புள்ளி, 4-ல் நிறுத்தும் இடைப்புள்ளிக் கோலம் சரியாக இருக்கும்: 4, 5, 6, 7, 6, 5, 4 என்று 37 புள்ளிகள். பழகிய கை இரண்டு விரல் இடைவெளியில், ஏறத்தாழ 4 செ.மீ.யில் புள்ளி வைக்கும். பழகாத கைக்கு 6 செ.மீ. வேண்டும். அப்படி வைத்தால் நடு வரிசை 36 செ.மீ., வளைவுகளையும் சேர்த்தால் 42 செ.மீ. நிரலாளர்கள் தவறாமல் வழுக்குவது இங்கேதான். இடைப்புள்ளியில் வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள தூரம் 6 செ.மீ. அல்ல, 5.2 செ.மீ. மேல் வரிசைப் புள்ளி கீழே உள்ள இரண்டு புள்ளிகளின் நடுவில் உட்கார்ந்து சமபக்க முக்கோணம் ஆக வேண்டும். நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்து, ஒன்றுவிட்டு ஒரு வரிசையை மட்டும் பாதி தள்ளிவைத்தால் கோலம் நெட்டுக்கு இழுபட்டு, வளைவெல்லாம் முட்டை வடிவமாகிவிடும். கோலம் தெரிந்த அம்மா ஒருவர் பார்த்தால் ஒரு நொடியில் பிடித்துவிடுவார். தெரியாதவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

6 செ.மீ. இடைவெளிக்கு வேறொரு காரணமும் உண்டு. கைப்பேசி வழியே தரையில் நிறுத்திய புள்ளி நின்ற இடத்தில் நிற்காது. நடந்து சுற்றி வந்தால் ஒன்றிரண்டு செ.மீ. நகர்ந்திருக்கும். 4 செ.மீ. கோலத்தில் 2 செ.மீ. நகர்ந்தால் புள்ளி சரியாக இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வந்து நிற்கும், எது எது என்றே தெரியாமல் போகும். அதனால் 37 புள்ளிகளையும் திரையைப் பார்த்து வைக்காதீர்கள். ஒருவர் கைப்பேசியை அசையாமல் பிடிக்க, இன்னொருவர் ஆறு மூலைப் புள்ளிகளையும் நடுப்புள்ளியையும் மட்டும் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளட்டும். மீதியை 6 செ.மீ.க்கு ஒரு துளை போட்ட அட்டைப் பட்டையை வைத்து நிரப்பிவிடலாம். புள்ளி வைக்கும் வேலையில் பத்துக் காசு அட்டை ஏஆரைத் தோற்கடித்துவிடும் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

நகர்வதற்குக் காரணம் பெரும்பாலும் தரைதான். கேமரா தரையில் உள்ள புள்ளி, கறை, கீறல், கோடு இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் வெறும் சிமென்ட் தரையாக இருந்தால் பரவாயில்லை, அதன் கறைகளே உதவும். வழவழப்பான வெளிர் ஓடு பதித்த தரையில் கேமராவுக்குத் தெரிவது மேலே உள்ள குழல்விளக்கின் பிரதிபலிப்பு மட்டுமே. நாம் நகர்ந்தால் பிரதிபலிப்பும் கூடவே நகரும். கேமரா அதைத் தரை என்று நம்பி ஏமாறும். இதற்கு மலிவான மருந்து, பழைய செய்தித்தாள். தமிழ் முரசு இதழின் நாலு தாளைக் கோலம் வரப்போகும் இடத்தைச் சுற்றி ஒட்டுநாடா போட்டு ஒட்டிவிடுங்கள். எழுத்தும் படமும் நிறைந்த தாள் கேமராவுக்கு விருந்து. மூலைகளைக் குறித்து முடித்ததும் உரித்துவிடலாம். ஒரே தாளின் பல பிரதிகளைப் போடக்கூடாது, நான்கும் வெவ்வேறு பக்கங்களாக இருக்க வேண்டும்.

ஏன் வெவ்வேறு என்பதற்கான பதில், போட்டு முடித்த கோலத்தையே அடையாளப் படமாக, அதாவது கேமரா கண்டதும் காட்சியைத் தொடங்கும் படமாக, வைக்கலாமே என்ற அடுத்த யோசனையையும் அடித்துவிடும். கோலத்தைக் காட்டினால் கதை விரிய வேண்டும், மயில் எழுந்து ஆட வேண்டும் என்று கேட்பார்கள். கோலத்தின் அழகே அதன் சமச்சீரும் திரும்பத் திரும்ப வரும் வளைவும். படத்தை அடையாளம் காணும் நிரலுக்கு ஆகாதவையும் அவையே. இடைப்புள்ளிக் கோலத்தை 60 பாகை திருப்பினாலும் அதே கோலம்தான் என்றால், மயில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும்? ஆறு பக்கமும் மாறி மாறித் துள்ளும்.

ரங்கோலியில் நிறம் இருக்கிறதே என்றால், நிறமும் உதவாது. கூகலின் ஏஆர் நிரல்தொகுப்பான ஏஆர்கோர் அடையாளப் படத்தின் நிறத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை, வெளிச்ச வேறுபாட்டை மட்டுமே பார்க்கிறது. பளிச்சென்ற சிவப்புப் பொடியும் பச்சைப் பொடியும் அதற்கு ஒரே சாம்பலாகத் தெரியலாம். சோதிப்பது எளிது: படம் எடுத்து, கைப்பேசியிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒன்றாகக் கலந்து தெரிந்தால் கேமராவும் அப்படித்தான் பார்க்கப்போகிறது. ஏஆர்கோருடன் வரும் சோதனைக் கருவி ஒவ்வொரு படத்துக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும். 75-க்குக் கீழே வந்த படத்தை வைத்து நிகழ்ச்சி நடத்தக்கூடாது.

ஆகவே கோலத்தின் பக்கத்தில் ஓர் அட்டையை வையுங்கள். ஏ3 அளவு போதும். அதில் சமச்சீர் இல்லாத, நுணுக்கம் மிகுந்த படம் ஒன்று இருக்கட்டும், கூட்டம் நிறைந்த பழைய சந்தைப் படம் போல. ஓரத்தில் கியூஆர் குறியீடு. கியூஆரையே அடையாளப் படமாக்க வேண்டாம், எல்லா கியூஆருக்கும் ஒரே முகச்சாடை. முதன்முதலில் அடையாளம் காண, படம் திரையின் கால் பங்கையாவது நிரப்ப வேண்டும் என்பது ஏஆர்கோரின் கணக்கு. ஆகவே மூன்று மீட்டர் தள்ளிக் கயிறு கட்டிவிட்டு, அங்கிருந்து பார்க்கச் சொன்னால் ஒன்றும் வராது. அட்டைக்கு லேமினேஷன் வேண்டுமானால் மங்கல் படலம் கேளுங்கள். பளபளப்பு லேமினேஷன் போட்ட அட்டையில் குழல்விளக்கின் வெள்ளைப் பட்டை விழுந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்தது பாதியில் அறுந்துபோவது கீழ்த்தள நிகழ்ச்சிகளில் சர்வசாதாரணம்.

கீழ்த்தளத்தைப் பயன்படுத்த நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். மாடி நடைபாதையில் வாசல் கோலத்தோடு ஏஆர் அட்டை, தாங்கி எல்லாம் வைப்பதானால், தீப் பாதுகாப்புக்காக 1.2 மீட்டர் அகல வழி தடையில்லாமல் இருந்தாக வேண்டும்.

அடுத்து, பொருள்களை முப்பரிமாண உருவமாக்குவது. இதில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே பாதி வெற்றி. ஆட்டுக்கல்லும் அம்மியும் ஸ்கேன் செய்வதற்கென்றே பிறந்தவை. கருங்கல்லின் மேற்பரப்பில் ஓர் அங்குலம் மற்றோர் அங்குலம் போல் இருக்காது, பளபளப்பும் கிடையாது, அசையாது. கைப்பேசியிலேயே எடுக்கலாம்: முழங்கால் உயரத்தில் ஒரு சுற்று, இடுப்பு உயரத்தில் ஒரு சுற்று, மேலிருந்து சாய்வாக ஒரு சுற்று, ஒவ்வொன்றிலும் 25 முதல் 30 படங்கள். அடுத்தடுத்த படங்கள் குறைந்தது 60 முதல் 70 விழுக்காடு ஒன்றின் மேல் ஒன்று பொருந்த வேண்டும். வெயில் நேராக விழும் நேரம் வேண்டாம். நிழல் கல்லோடு ஒட்டிக்கொண்டு, பிறகு எந்த அறையில் வைத்தாலும் அந்த மத்தியானம் கூடவே வரும். மேகமூட்டம் நல்லது.

ஆட்டுக்கல்லில் குழவியை வெளியே எடுத்துத் தனியாக ஸ்கேன் செய்யுங்கள். சேர்த்து எடுத்தால் இரண்டும் ஒரே பாறையாக ஒட்டிக்கொள்ளும், பிறகு சுற்ற முடியாது. ஆட்டுக்கல்லில் பிள்ளைகளுக்கு வியப்பு எதுவென்றால், அம்மியைப் போல் இழுத்து அரைக்காமல் குழவி நின்ற இடத்திலேயே சுழல்வதுதான். அது சுழலாவிட்டால் நல்ல புகைப்படம் ஒன்றே போதும், ஏஆர் தேவையில்லை. மாவு அரைபடும் ஒலியை உண்மையான கல்லிலிருந்து பதிவு செய்து சேர்த்தால் பாட்டிமார் கைப்பேசியைத் திருப்பித் தர மாட்டார்கள்.

குத்துவிளக்கு நேர்மாறு. துடைத்து மின்னும் பித்தளை ஸ்கேன் ஆகாது. ஒவ்வொரு படத்திலும் பிரதிபலிப்பு வேறு இடத்தில் விழுவதால் நிரல் குழம்பி, விளக்கு உருகி வழிந்த மெழுகுபோல் வரும். மங்கலான பொடி பூசி எடுப்பது தொழிலில் வழக்கம். வீட்டு விளக்கு என்றால் விபூதியே அந்த வேலையைச் செய்யும், பிறகு துடைத்தால் விளக்கும் பளிச்சென்று ஆகும். பிறர் பொருளிலும் காட்சிக்கூடப் பொருளிலும் எதையும் பூசக்கூடாது. ஆனால் இவ்வளவு பாடே தேவையில்லை. குத்துவிளக்கு கடைசல் வேலை. நடு அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றுதான். நேராக எடுத்த ஒரு படத்தை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வைத்து, பாதி விளிம்பை மட்டும் வரைந்து, அச்சைச் சுற்றிச் சுழற்றினால் தண்டும் தட்டும் அடியும் அரை மணி நேரத்தில் வந்துவிடும். அகலின் ஐந்து முகத்தையும் உச்சியில் உள்ள அன்னத்தையும் தனியாகச் செய்ய வேண்டும். மேற்பரப்பு அமைப்பில் உலோகத் தன்மையை முழுதாகவும் சொரசொரப்பை 0.25 அளவிலும் வைத்துப் பாருங்கள். திரையில் விளக்கு கறுப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம். பித்தளைக்குச் சொந்த நிறம் குறைவு, சுற்றி இருப்பதைக் காட்டித்தான் அது மின்னும். உருவத்தைக் காட்டும் வலைப்பக்கத்தில் சூழல் படம், அதாவது சுற்றுப்புறத்தின் படம், ஒன்று சேர்க்கப்படாததால், காட்ட எதுவும் இல்லாமல் கறுத்து நிற்கிறது.

உருவம் எதுவானாலும் 5 மெகாபைட்டுக்குள் அடக்குங்கள். 50,000 முக்கோணங்களும் 2048 பிக்சல் மேற்பரப்புப் படமும் ஆட்டுக்கல்லுக்குத் தாராளம். ஆண்ட்ராய்டுக்கு ஜிஎல்பி கோப்பு, ஐபோனுக்கு யுஎஸ்டிஇசட் கோப்பு, இரண்டும் வேண்டும். ஜிஎல்பியில் அலகு மீட்டர். செ.மீ. என்று நினைத்து 40 என்று போட்டால் 40 மீட்டர் ஆட்டுக்கல் வரும். பார்ப்பவர் அதன் உள்ளே நிற்பதால் திரையில் ஒன்றும் தெரியாது, கோப்பு பழுது என்று நினைத்து நாள் முழுக்கத் தேடுவார்கள். முப்பரிமாண உருவத்தை வலைப்பக்கத்தில் காட்டும் கூகலின் மாடல்-வியூவர் பயன்படுத்தினால், விரலால் பெரிதாக்கிச் சிறிதாக்கும் வசதியை அணைத்துவிட்டு உண்மை அளவில் பூட்டுங்கள். ஆட்டுக்கல்லின் கனம் புரிவதே அதன் அளவில்தான்.

இப்போது தமிழ் எழுத்து. ஆங்கிலத்தில் அழகாக ஓடிய ஏஆர் காட்சி தமிழில் ஏன் உடைகிறது என்று பலரும் குழம்புவார்கள். 'பொங்கல்' என்று தட்டினால் கணினி சேமிப்பது முதலில் ப, அதன் பிறகு ஒகரக் குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பைப் பகரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது எழுத்தை வடிவமைக்கும் இயந்திரத்தின் வேலை. உலாவியில் அது இருக்கிறது. முப்பரிமாணக் காட்சிக்குள் எழுத்தை ஒவ்வொன்றாக அடுக்கும் பல கருவிகளில் அது கிடையாது. விளைவு, ப நிற்கும், பின்னால் கொம்பும் காலும் சேர்ந்து தொங்கும், சில வேளை நடுவில் ஒரு புள்ளி வட்டமும் வரும். 'கை' என்பதில் இணைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும், அச்சடித்து விழா மேடை வரை போய்விடும்.

சரிசெய்வது கடினமல்ல. காட்சிக்குள் மிதக்கும் தமிழை எழுத்தாக வைக்காமல், உலாவியின் கேன்வாஸ் என்ற வரைபரப்பில் எழுதி அந்தப் படத்தைப் பலகையாக ஒட்டுங்கள், அல்லது முன்கூட்டியே எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பாக ஆக்கிவிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு சிறிய அளவிலும் தெளிவாக நிற்கும். சோதனைக்கு எப்போதும் 'பொங்கல்', 'கோயில்', 'சௌக்கியம்', 'ஸ்ரீ', 'கைத்தறி' என்ற ஐந்தையும் போட்டுப் பாருங்கள். இவை தேறினால் மற்றவை தேறும். இதோடு, கருவிகள் தாமாகக் காட்டும் ஆங்கில அறிவுறுத்தலையும் மாற்றுங்கள். 'கைப்பேசியைத் தரையை நோக்கிப் பிடித்து, இடமும் வலமும் மெதுவாக நகர்த்துங்கள்' என்ற ஒரு வரி, முதியவர்களுக்கு உதவ நிற்கும் தொண்டூழியரின் பாதி வேலையைக் குறைத்துவிடும். ஒலி வரவில்லை என்பவர்களிடம் ஐபோனின் மௌனப் பொத்தானை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். திரையை ஒரு தடவை தொடாமல் எந்த உலாவியும் ஒலியைத் தொடங்காது என்பதால், 'தொடங்கு' பொத்தான் ஒன்று கட்டாயம்.

தெருவுக்குப் போனால் விதிகள் மாறும். லிட்டில் இந்தியாவில் மரபு நடை நடத்துபவர்களுக்கு ஜிபிஎஸ் கவர்ச்சியாகத் தோன்றும். கடைவீடுகள் நெருங்கிய தெருவில் ஜிபிஎஸ் பத்து மீட்டர் வரை எளிதாகப் பிசகும். அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், நிற்பவரைத் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நிறுத்திவிடும். கடையை அடையாளம் காட்ட அது போதாது. கட்டட முகப்பையே அடையாளப் படமாக்குவதும் எளிதல்ல. கெர்பாவ் சாலையில் உள்ள டான் டெங் நியா வீட்டின் வண்ணங்கள் கண்ணுக்கு விருந்து. வண்ணம் பார்க்காத கேமராவுக்கு அது ஒரே மாதிரி சன்னல்களின் வரிசை. கேம்பல் லேனில் 2015-ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தின் முகப்பு, படிக்கிணற்றை நினைவூட்டும் வடிவம். பகலில் மினுமினுக்கும் தோல், இரவில் உள்ளே விளக்கெரிந்து சுவரோவியம் வெளியே தெரியும். பகலில் எடுத்த படம் இரவில் பொருந்தாது. கடைக்காரரின் சம்மதத்தோடு ஒட்டிய சிறிய அட்டைதான் இங்கேயும் கைகொடுக்கும்.

அந்தக் கெர்பாவ் சாலையே நல்ல ஏஆர் இடம். மலாயில் கெர்பாவ் என்றால் எருமை, பக்கத்திலேயே பஃப்பலோ சாலை. 19-ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரம் மாட்டுத் தொழிலால் வளர்ந்தது. இல்லாத ஒன்றை, அது இருந்த இடத்திலேயே காட்டுவதுதான் ஏஆருக்கு உரிய வேலை. உண்மை அளவு எருமையைச் சுவர் ஓரமாக நிறுத்துங்கள். நடுவழியில் நிறுத்தினால், முன்னால் நடந்துபோகிறவர்களின் மேல் எருமை ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். உலாவி வழி ஏஆரில் மனிதரை முன்னே, உருவத்தைப் பின்னே என்று பிரிக்கும் வசதியை நம்ப முடியாது. நேரம் மாலை ஐந்துக்கு மேல். உச்சி வெயிலில் திரை தெரியாது. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுச்சூழல் வெப்ப எல்லையே 35 பாகைதான். கேமராவும் ஏஆரும் சேர்ந்து ஓடும்போது நம்மூர் மத்தியானத்தில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரை தானாக மங்கிவிடும். தீபாவளி ஒளியூட்டு நேரத்தில் நிறம் மாறும் விளக்குகளுக்கு அடியில் அட்டையை வைப்பதும் வீண்.

தெய்வ உருவங்களை ஏஆரில் தரையில் நிறுத்துவது வேண்டாம் என்பது எங்கள் கட்சி. தரையைத் தேடி உருவத்தை வைக்கும் நிரலுக்குக் கால் எது, பீடம் எது என்று தெரியாது; யாரோ ஒருவரின் செருப்புக்குப் பக்கத்தில் முருகன் நிற்பார், அடுத்தவர் அவர் ஊடாக நடந்துபோவார், பிள்ளைகள் விரலால் சுண்டைக்காய் அளவுக்குச் சுருக்குவார்கள். தைப்பூசத்தைச் சொல்ல வேண்டுமா, காவடியின் சட்டம் எப்படிப் பொருத்தப்படுகிறது என்று பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டுங்கள். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை போகும் பாதையைத் தரையில் வரைபடமாக விரியுங்கள். கோயில் வளாகத்தில் எதைச் செய்வதானாலும் நிர்வாகத்திடம் கேமரா எதுவரை வரலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சேமிப்பு. ஏஆர் தளங்களின் ஆயுள் குறைவு. கூகலின் டேங்கோ 2018 மார்ச்சில் முடிந்தது. மெட்டாவின் ஸ்பார்க் ஏஆர் 2025 ஜனவரியில் முடிந்தது, அதில் மற்றவர்கள் செய்துவைத்த காட்சிகளும் அதோடு போயின. மூல ஸ்கேன் படங்கள், பிளெண்டர் கோப்பு, ஒலிப்பதிவு, எழுத்தின் எஸ்விஜி எல்லாவற்றையும் தளத்துக்கு வெளியே இரண்டு இடத்தில் வையுங்கள். கியூஆர் குறியீடு உங்கள் சொந்த முகவரிக்குப் போகட்டும். சந்தா கட்டும் கியூஆர் சேவையின் முகவரியை அச்சடித்தால், சந்தா முடிந்த மறுநாள் அட்டை வெறும் அட்டை. உலாவியிலேயே அடையாளப் படத்தைக் கண்டுபிடிக்கும் இலவச மைண்ட்ஏஆர் நிரலை உங்கள் வலைப்பக்கத்திலேயே ஏற்றி வைத்துக்கொண்டால் இந்தக் கவலை பாதி குறையும். பக்கம் எச்டிடிபிஎஸ் முகவரியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உலாவி கேமராவைத் திறக்காது.

நிகழ்ச்சி நாளில் கையில் இருக்க வேண்டியவை: அட்டையின் இரண்டு மாற்றுப் பிரதி, செய்தித்தாள், ஒட்டுநாடா, துளைப் பட்டை, சுண்ணக்கட்டி, பவர் பேங்க், மாவு. மாவு பச்சரிசி மாவு என்றால் முடிந்த கையோடு கூட்டிவிடுங்கள், சாயங்காலத்துக்குள் எறும்பு வரிசை கட்டிவிடும். எறும்புக்குத்தானே போடுகிறோம் என்று பாட்டி சொல்வது சரிதான், ஆனால் நகர மன்றத்துக்கு அது தெரியாது.